எந்த மெட்டீரியல் நல்லது என்று கேட்பதற்கு முன்னால்

எனக்கு 12 வயதில் கீழ் இடது கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்தார்கள். ஆறு வயதில் முளைக்கிற முதல் கடைவாய்ப் பல் அது. எந்தப் பால் பல்லும் விழாமலேயே வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும், அதனாலேயே அதுவும் பால் பல்தான், விழுந்து முளைக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த அடைப்பு 22 வருடம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் எதையோ கடித்துவிட்டுத் தாடையை விடுவித்த நொடியில் சுருக்கென்று ஒரு வலி. கடிக்கும்போது ஒன்றும் இல்லை, விடும்போதுதான். நான் பல் மருத்துவர், இதே வலியை நோயாளிகள் சொல்லக் கேட்டு வருடக்கணக்காகக் குறித்துக்கொண்டு வருகிறவள், பல்லில் விரிசல் விழுந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் தோழிதான் பழைய அடைப்பை எடுத்தாள். எடுத்துவிட்டு உள்ளே ஒரு போட்டோ எடுத்துக் காட்டினாள். குழி கச்சிதமான பெட்டி மாதிரி இருந்தது. செங்குத்தான சுவர்கள், தட்டையான தரை, வாய்ப்பக்கம் குறுகி அடிப்பக்கம் லேசாக அகன்ற வடிவம். நாக்குப் பக்கத்து முனைக்குக் கீழே தலைமுடி இழை போல ஒரு கோடு. விரிசலைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை, அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் வந்தது. 12 வயதில் எனக்கு இருந்த சொத்தை அநேகமாகக் கடுகளவுதான் இருந்திருக்கும், மீதி எல்லாம் நல்ல பல். அடைப்பு பிடித்து நிற்பதற்காக வெட்டி எடுத்த நல்ல பல்.

போட்டவர் மேல் தப்பு இல்லை. அன்றைய பாடம் அப்படி. வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்கிற அமால்கம் பல்லோடு ஒட்டாது, அதனால் அது கழன்று வராத மாதிரி குழியை வடிவமாக வெட்ட வேண்டும், சில்லு விடாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச தடிமனும் வேண்டும். இது போக, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜி.வி. பிளாக் என்ற அமெரிக்கர் வகுத்த விதி ஒன்று இருந்தது: பின்னால் சொத்தை வரக்கூடிய பள்ளங்களையும் இப்போதே சேர்த்து வெட்டி அடைத்துவிடு. அவர் காலத்தில் அது நியாயமாக இருந்தது. ஃபுளோரைடு பேஸ்ட் இல்லை, ஒட்டும் பொருள் இல்லை. ஆனால் அந்த விதி அவர் காலத்தைத் தாண்டியும் நெடுநாள் நீடித்தது, என் பல் வரைக்கும் வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், எந்த மெட்டீரியல் நல்லது?" என்பதுதான். ஜிர்கோனியாவா, செராமிக்கா, காம்போசிட்டா, எது ரொம்ப நாள் வரும் என்று படித்துவிட்டே வருகிறார்கள். தப்பான கேள்வி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, "என் பல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, நீங்கள் இன்னும் எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்?" என்பதை.

எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். பல்லின் மேல் ஓடான எனாமல் மட்டும் திரும்ப வளரவே வளராது. அதை உருவாக்குகிற செல்கள் பல் ஈறை விட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எடைக்கணக்கில் எனாமலில் சுமார் 96 சதவீதம் தாது, உடம்பிலேயே அதைவிடக் கடினமான பொருள் இல்லை, ஆனாலும் அதற்கு உயிர் இல்லை. அதன் அடியில் இருக்கும் டென்டின் வேறு ரகம். தாது சுமார் 70 சதவீதம், மீதி கொலாஜனும் நீரும், கொஞ்சம் வளைந்துகொடுக்கும், உள்ளே நரம்புக்கூழின் ஓரத்தில் இருக்கும் செல்கள் ஆபத்து வருகிறது என்று தெரிந்தால் உட்பக்கமாகப் புது டென்டினைப் போட்டுத் தடுப்புச் சுவர் எழுப்பும். பல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒரே வழி அது, அவகாசம் கொடுத்தால்தான் அதுவும் நடக்கும்.

மேல் எனாமல் உடைந்து குழி விழாத வரைக்கும் சொத்தையைப் பின்வாங்க வைக்கவும் முடியும். வாயில் அமிலத்தன்மை கூடி பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாது கரைகிறது, மறுபடி ஏறினால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் போய் உட்காருகின்றன, ஃபுளோரைடு இருந்தால் இன்னும் நன்றாக உட்காரும். சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிகிற கட்டத்தில் டிரில்லை எடுத்தால் அது அவசரம்.

குழி விழுந்துவிட்டது, அடைத்தே ஆக வேண்டும் என்றால் இப்போது பெரும்பாலும் காம்போசிட், அதாவது ரெசின் என்ற பிசின் கலந்த, பல் நிறத்தில் இருக்கும், பல்லோடு ஒட்டுகிற பொருள். 1955-ல் மைக்கேல் புவோனோகோர் என்ற ஆராய்ச்சியாளர், உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவுகிற தொழிற்சாலைப் பழக்கத்தைப் பார்த்து, அதையே எனாமலில் செய்து பார்த்தார், ரெசின் நன்றாகப் பிடித்தது. 1962-ல் ரஃபேல் போவன் புது ரெசின் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார், இன்றைய காம்போசிட்களின் மூலம் அதுதான். இந்த இரண்டும் சேர்ந்ததால் குழியைப் பெட்டியாக வெட்ட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. சொத்தையை மட்டும் எடுத்துவிட்டு அது விட்ட வடிவத்திலேயே ஒட்டலாம். என்னைக் கேட்டால் பல் மருத்துவத்தில் கடந்த நூறு வருடத்தில் நடந்த பெரிய மாற்றம் இதுதான், பல் போன இடத்தில் எலும்புக்குள் பதிக்கிற இம்ப்ளான்ட்கூட இதற்கு அப்புறம்தான்.

ஆனால் ஒட்டும் பொருளுக்கு ஒட்டும் நேரத்தில் சுத்தம் வேண்டும். அமால்கம் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், காம்போசிட் மன்னிக்காது. எச்சில், ரத்தம், மூச்சில் வரும் ஈரம், எது பட்டாலும் ஒட்டு பலவீனமாகும். அதனால்தான் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டுகிறோம். 1864-லேயே சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர் கண்டுபிடித்தது. நிறையப் பேருக்கு அது பிடிக்காது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். மூக்கால் மூச்சு விடுங்கள், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும் என்று கெஞ்சியாவது போட்டுவிடுவேன்.

அடைக்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பல்லின் நிறத்தை முதலிலேயே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் ரப்பர் டேம் கட்டிச் சற்று நேரத்தில் பல் காய்ந்து வெளுத்துவிடும், அப்போது நிறம் பார்த்தால் நாளைக்கு அடைப்பு தனியாகத் தெரியும். குழியைச் சுத்தம் செய்த பிறகு சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை எனாமல் விளிம்பில் வைக்கிறேன். பளிச்சென்ற நீல நிறத்தில் இருக்கும். 15 விநாடி, 20 விநாடி. கழுவி ஊதிக் காயவைத்தால் பளபளப்பு போய் விளிம்பு முழுக்கப் பனி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்துத் தெரியும். அந்த வெண்மை தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. எங்காவது ஓர் இடம் பளபளவென்று இருந்தால் அங்கே எச்சில் பட்டிருக்கிறது, திரும்ப முதலிலிருந்து. டென்டினை இப்படி ஒரேயடியாகக் காயவைக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் கொலாஜன் நார்கள் ஈரம் போனால் படுத்துவிடும், படுத்துவிட்டால் ரெசின் உள்ளே நுழைய வழி இல்லை. நுழைந்தால் நாரும் ரெசினும் பின்னி ஒரு கலப்பு அடுக்கு உருவாகிறது, 1982-ல் நகபயாஷி என்ற ஜப்பானியர் விளக்கிச் சொன்னது. அதன் தடிமன் சில மைக்ரான்தான், மொத்த அடைப்பும் அதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம் காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் நீல விளக்கு. அந்த நீலம் சுமார் 470 நானோமீட்டர் அலைநீளம், ரெசினில் இருக்கும் கேம்ஃபர்குயினோன் என்ற பொருள் அந்த ஒளியை உறிஞ்சிக் கெட்டிப்படுகிற வேலையைத் தொடங்கிவைக்கிறது. கெட்டியாகும்போது காம்போசிட் கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். சின்னக் கணக்காகத் தெரியும், ஆனால் சுருங்குகிற பொருள் பல்லின் சுவர்களையும் பிடித்து இழுக்கிறது, இழுவை ஒட்டைவிட வலுவாக இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், அதற்குள் கிருமி போகும், அடைத்த பிறகும் கூச்சம் இருக்கும். அடுக்கடுக்காக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வைக்கிற காம்போசிட்டும் இப்போது வந்துவிட்டது, ஆழமான குழிகளில் நானும் பயன்படுத்துகிறேன்.

கடைசியில் நீலத் தாளைக் கடிக்கச் சொல்வோம் இல்லையா, அப்போது தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். வாய் மரத்துப்போயிருக்கும், சீக்கிரம் கிளம்பலாம் என்று "சரியாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு தாள் அளவுக்கு உயரம் கூடினாலே அந்தப் பல் மற்ற பற்களுக்கு முன்னால் இடித்து இரண்டு நாளில் வலிக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் போய் மரத்தது தெளிந்த பிறகு உயரமாகத் தோன்றினால் மறுநாளே திரும்ப வாருங்கள். தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஈரத்தைத் தடுக்கவே முடியாத இடங்களும் உண்டு. ஈறுக்குக் கீழே போகிற வேர்ச் சொத்தை, நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருக்க முடியாத வயதானவர்கள், அசையாமல் உட்கார முடியாத குழந்தைகள். அங்கே கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் கைகொடுக்கிறது. வில்சன், கென்ட் என்ற இருவர் லண்டனில் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பல்லின் கால்சியத்தோடு தானே வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும், ஃபுளோரைடை மெல்ல வெளிவிடும். உறுதி குறைவு, கடைவாயில் பெரிய அடைப்பாகப் போட்டால் தேய்ந்துவிடும். ஆனால் 80 வயதுப் பாட்டி ஒருவரின் ஐந்தாறு வேர்ச் சொத்தைகளை ஊசி இல்லாமல், டிரில் இல்லாமல், கைக்கருவியால் சுரண்டி இதை வைத்து அடைத்திருக்கிறேன், அவர் வலிக்கவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார்.

சரி, அமால்கம் என்ன ஆயிற்று? எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. 2013-ல் ஏற்கப்பட்ட மினமாட்டா ஒப்பந்தத்தில் அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன, சுற்றுச்சூழலில் பாதரசம் சேர்வதுதான் முக்கியக் கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவர் அவசியம் என்று கருதும் சில விதிவிலக்குகள் தவிர, அதைப் போடுவதில்லை. நானும் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதற்காக, வாயில் ஏற்கெனவே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற வெள்ளி அடைப்பைப் பயந்துபோய் எடுக்கச் சொல்லாதீர்கள். எடுக்கும்போது கிளம்புகிற பாதரச ஆவி அது சும்மா இருக்கும்போது வருவதைவிட அதிகம், கூடவே கொஞ்சம் நல்ல பல்லும் போகும். விரிசலோ, ஓரத்தில் சொத்தையோ இருந்தால் அது வேறு விஷயம்.

எவ்வளவு தோண்டுவது என்பதில் என் கை மாறியிருக்கிறது. படித்த புதிதில் அடிவரை கெட்டியாக, சுரண்டினால் கிறீச்சென்று சத்தம் வருகிற வரை எடுத்தேன். அப்படி எடுத்து நரம்பைத் திறந்துவிட்டு, வலியே இல்லாமல் வந்தவர்களை ரூட் கெனாலுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. குழியின் ஓரங்களில் சுத்தமாக எடு, நரம்புக்கு மேலே மட்டும் மிருதுவான டென்டினை ஒரு படலம் விட்டுவிடு, மேலே காற்றுப் புகாமல் மூடு, உணவு கிடைக்காமல் கிருமி முடங்கிவிடும் என்பதுதான் இப்போதைய பாடம். பல நாட்டு நிபுணர்கள் கூடி முடிவெடுத்து 2016-ல் இதையே பரிந்துரையாக வெளியிட்டார்கள். "சொத்தையை உள்ளே வைத்தே மூடிவிட்டாரே" என்று உங்கள் டாக்டர் மேல் சந்தேகப்படாதீர்கள், தெரிந்துதான் செய்திருப்பார்.

நரம்புக்கூழ் செத்துவிட்டால், அல்லது இரவில் தானாகவே விண்விண்ணென்று தெறிக்கிற வலி வந்துவிட்டால் பெரும்பாலும் ரூட் கெனால்தான். உள்ளே இருக்கும் கூழை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் திரும்பத் திரும்பக் கழுவி, கட்டாபர்ச்சா என்ற மரப்பால் பொருளால் வேரின் குழாய்களை அடைக்கிறோம். இதைப் பற்றிப் பயம் ஜாஸ்தி, மரத்த பிறகு வலி மிகக் குறைவு. இதில் நான் வலியுறுத்துவது ஒன்று. வலி நின்றுவிட்டது என்று மேல் வேலையை, அதாவது பல்லை மூடுகிற கேப் என்ற உறையை, போட்டு முடிக்காமல் போய்விடாதீர்கள். கடைவாய்ப் பல்லை அப்படியே விட்டால் ஒரு நாள் நடுவில் பிளந்து வேர் வரை போய்விடும், அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது. கேப் நிற்பதற்கும் கணக்கு உண்டு: ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் சொந்தப் பல் வேண்டும், பீப்பாய்க்கு இரும்பு வளையம் போல கேப் அதை அணைத்துப் பிடிக்கும். அந்த 2 மில்லிமீட்டர் இல்லையென்றால் எந்த விலையுயர்ந்த கேப்பும் பிரயோஜனம் இல்லை.

ஜிர்கோனியா பற்றிக் கேட்பவர்களுக்காக. அது செராமிக்தான், ஆனால் ஒரு விசேஷம் உண்டு. விரிசல் ஒன்று கிளம்பினால் அதன் முனையில் இருக்கும் படிகங்கள் வடிவம் மாறி 4 சதவீதம் போல உப்பும், உப்பி அந்த விரிசலையே நெருக்கி நிறுத்தும். எனக்கு இது ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் அதிசயமாக இருக்கிறது. முன்பற்களுக்காக ஒளி ஊடுருவுகிற மாதிரி செய்த ஜிர்கோனியாவில் இந்தக் குணம் வெகுவாகக் குறைந்துவிடும். லித்தியம் டைசிலிகேட் என்ற இன்னொரு செராமிக் உறுதியில் ஜிர்கோனியாவுக்கு ஏறக்குறைய பாதிதான், ஆனால் அமிலத்தால் உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கிப் பல்லோடு நன்றாக ஒட்டலாம். ஒட்ட முடிவதால் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டியதில்லை. என் பல்லுக்கு நான் தேர்ந்தெடுத்தது அதுதான். விரிசல் விட்ட முனைகளை மட்டும் மூடுகிற ஆன்லே. முழுக் கேப் போட்டிருந்தால் சுற்றிலும் நன்றாக இருந்த எனாமலும் போயிருக்கும்.

பல்லே போய்விட்டால் இம்ப்ளான்ட். 1952-ல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தபோது அது எலும்போடு சேர்ந்துவிட்டிருந்ததை பெர்-இங்வார் பிரோனேமார்க் கவனித்தார், 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார். அருமையான சிகிச்சை, மறுக்கவில்லை. ஆனால் இயற்கைப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, ஒரு மணல் துகள் பட்டால்கூட உணர்ந்து தாடையை நிறுத்துகிற படலம். ரூட் கெனால் செய்த பல்லிலும் அது உயிரோடு இருக்கும், இம்ப்ளான்ட்டில் கிடையாது. சுற்றியுள்ள எலும்பு அழற்சியால் கரையவும் செய்யும், புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பற்களின் மேல் தாங்கி நிற்கிற போலிப் பல்லான பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்துப் பற்களையும் சீவ வேண்டும், அவை ஏற்கெனவே பெரிய அடைப்புள்ள பற்களாக இருந்தால் சரி, தொடாத நல்ல பற்களாக இருந்தால் எனக்கு மனசு வராது. முன்பல் ஒன்று மட்டும் போயிருந்தால் பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சிறகு மாதிரி ஒட்டுகிற பிரிட்ஜ் இருக்கிறது, சீவல் அநேகமாக இல்லை, அதைக் கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் 12 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அதே கீழ்க் கடைவாய்ப் பல், பள்ளத்தில் பழுப்பாக ஒரு கோடு. எக்ஸ்ரேயில் டென்டினைத் தொடவில்லை, மேல் எனாமல் உடையவும் இல்லை. பள்ளத்தைச் சுத்தம் செய்து, நீல ஜெல் வைத்துக் கழுவி, பனி மாதிரி வெளுத்ததும் சீலன்ட் என்ற மெல்லிய ரெசின் பூச்சை ஓடவிட்டு மூடினேன். டிரில்லைக் கையில் எடுக்கவே இல்லை. "அடைக்க வேண்டாமா மேடம், பின்னால் பெரிதாகிவிடாதா?" என்று அவள் அம்மா இரண்டு தடவை கேட்டார். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கி, இந்த வெள்ளை ஓடு எவ்வளவு தடிமனாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொன்னேன், வருகிறார்கள். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு நகரவில்லை.